சிவப்பு ஜம்பர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டைப் பற்றித் தெரிந்ததைவிடத் தன் மனைவியின் இரத்தத்தைப் பற்றித் தெரிந்தது அதிகம். இதை அவனே சொல்லிக்கொள்வான். கேட்காதவர்களிடமும் சொல்வான். காலையில் அவள் குளியலறைக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் அவன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "என்ன கலர்?" என்பதுதான். மற்ற வீடுகளில் காபியா டீயா என்று கேட்கிற நேரத்தில் இந்த வீட்டில் சிறுநீரின் நிறத்தைக் கேட்டார்கள். வெளிர் மஞ்சள் என்று பதில் வந்தால் அவன் முகம் மலரும். தேன் நிறம் என்றால் புருவம் சுருங்கும். பால் விடாத கடுந்தேநீர் என்றால் அன்றைக்கு அவளுக்கு எத்தனை மணிக்கு அசதி வரும், எத்தனை மணிக்கு முதுகு வலிக்கும் என்று ஜோசியக்காரன் மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கப் போவான். சொன்னது பெரும்பாலும் பலித்தது. அதுதான் பிறகு வினையாயிற்று.

அவள் கல்லூரி மாணவிகள் விடுதியில் வார்டன். எந்தப் பெண் எந்தச் சுவர் ஏறிக் குதிப்பாள், எவளுடைய தலைவலி நிஜம், எவளுடையது பரீட்சைத் தலைவலி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் செருப்புச் சத்தம் கேட்டால் மூன்றாவது மாடியில் பாட்டு நின்றுவிடும். வீட்டிலும் அவன் அவளை வார்டன் என்றே கூப்பிட்டான். கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்பேர்ப்பட்டவள் ஒரு சாயங்காலம் விடுதியின் முதல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏற முடியவில்லை. அதற்குப் பிறகு ஊரில் இருக்கிற டாக்டர்கள் எல்லாரும் அவளை ஒரு கை பார்த்தார்கள். ஒருவர் கல்லீரல் என்றார், ஒருவர் சிறுநீரகம் என்றார். இன்னொருவர் வயதாகிறது இல்லையா என்று சொல்லி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் இரத்த நோய்களுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மாவின் கையில் போய்ச் சேர்ந்தபோது அவள் உடம்பில் பாதி இரத்தம்தான் இருந்தது.

டாக்டரம்மா பொறுமைசாலி. இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார். நம் இரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு காவல் படை உண்டு. எல்லாம் புரதங்கள். கிருமி உள்ளே வந்தால் ஒன்று இன்னொன்றை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். கடைசியில் எழுந்தவை ஒன்றாகச் சேர்ந்து கிருமியின் மேல் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். நம்முடைய சொந்த அணுக்களின் மேல் 'இது நம்ம ஆள்' என்று ஓர் அடையாளம் இருக்கும், அதனால் அவற்றைத் தொடாது. இவங்க எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகிற சிவப்பணுக்களில் அந்த அடையாளம் இல்லை. காவல் படை சொந்த வீட்டு ஆட்களையே போட்டுத் தள்ளுகிறது. உடைந்த அணுக்களின் சாயம்தான் காலையில் கறுப்பாக வெளியே வருகிறது.

மருந்து இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அந்தச் சங்கிலியில் ஐந்தாவது புரதத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டை போடுகிற வேலை நடக்காது, சிவப்பணு பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு விஷயம். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு கிருமியைக் கொல்ல அந்த ஓட்டையைத்தான் உடம்பு பெரிதும் நம்பியிருக்கிறது. இந்த மருந்து எடுத்துக்கொள்கிற காலம் முழுக்க அந்தக் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான். தடுப்பூசி போடுவோம், ஆனால் அது முழுக் காவல் இல்லை.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஜம்பர் போடறீங்க," என்றான்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். லிஃப்ட் கதவில் ஒரு பூட்டு சுவிட்ச் உண்டு. கதவு சரியாக மூடாவிட்டால் அது லிஃப்டை நகர விடாது. அந்தச் சுவிட்சே கோளாறானால், கதவு மூடியிருந்தாலும் லிஃப்ட் அசையாது. அப்போது மெக்கானிக் ஒரு துண்டு வயரால் அந்தச் சுவிட்சைத் தாண்டி இணைப்புக் கொடுப்பான். அதுதான் ஜம்பர். லிஃப்ட் ஓடும். கதவு திறந்து கிடந்தாலும் ஓடும். அதனால் மறந்துவிடாமல் இருக்கச் சிவப்பு வயரில்தான் ஜம்பர் போடுவார்கள். போட்டால் அந்தக் கதவருகே ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். நிற்பவன் தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் மாற்றாள் வந்து, "நான் நிக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போகிறவன் "கேட்டுச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். தலையாட்டுவது, கை காட்டுவது எதுவும் செல்லாது.

"அதேதாங்க," என்று டாக்டரம்மா சிரித்தார். "இங்கயும் ஒரு ஆள் நிக்கணும். காய்ச்சல்னு தெரிஞ்சா யோசிக்கக் கூடாது, நேரா இங்க வந்துடணும்."

"நான் நிக்கறேன்," என்றான் மெக்கானிக்.

வார்டன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மாதிரி வசனமெல்லாம் கூச்சம். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அட்டை கொடுத்தார்கள், இரண்டு பிரதி. காய்ச்சல் வந்தால் உடனே வரவும், காத்திருக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் முதல் வரி. கீழே சின்ன எழுத்தில் நிறைய. அட்டை எப்போதும் நோயாளியிடம் இருக்க வேண்டும் என்பது விதி. வார்டன் கைப்பையை விடுதியில் ஒரு மேசை, வீட்டில் ஒரு நாற்காலி என்று வைத்துவிட்டு வருகிறவள். அதனால் மெக்கானிக் ஒரு பிரதியைத் தன் கழுத்தில் தொங்கும் வேலை அடையாள அட்டையின் பின்னாலேயே சொருகிக்கொண்டான். இன்னொன்றைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. அவள் மறுபடியும் மூன்றாவது மாடி ஏறினாள். பாட்டு நின்றது. பாதியில் விட்ட சண்டைகளையெல்லாம் தொடர்ந்தாள். ஒரே ஒரு குறை. அடுத்த மருந்து நெருங்கும் நாட்களில் முந்தையதன் வேகம் குறைந்துவிடும். கை கால் ஓயும், உடம்பு வலிக்கும், காலையில் நிறம் கறுக்கும். மருந்து ஏறியதும் சரியாகிவிடும். இந்த இறக்கத்தை மெக்கானிக் கரைத்துக் குடித்திருந்தான். எப்போது வரும், எப்படி வரும், எந்த மாத்திரையில் அடங்கும் எல்லாம் சொல்வான். மருந்து ஏற்றும் வார்டில் புதிதாக வருகிறவர்கள் நர்ஸை விட்டுவிட்டு அவனிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். அவனும் சும்மா சொல்லக் கூடாது, டாக்டரம்மாவின் குரலிலேயே பதில் சொல்வான்.

இந்தக் கல்விமானுக்குக் கண்ணில் விழுந்த தூசி, அவனுடைய மச்சினன். வார்டனின் தம்பி. விசேஷங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன், வேனும் நாற்காலியுமாக ஊரைச் சுற்றுகிறவன். அக்காவின் நோய்ப் பெயரை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் சரியாகச் சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் பதறுவான். ஒரு நாள் வார்டன் சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியதைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டான். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே வந்த சத்தத்தில் எழுந்த வார்டன், வந்தவர்களையும் தம்பியையும் சேர்த்து வாசல் வரைக்கும் விரட்டினாள். அந்தக் கதையை மெக்கானிக் சொல்லாத இடம் இல்லை. மச்சினன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொல்வான். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அன்றைக்கு அடுத்த மருந்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலையில் வார்டன் எழுந்தபோதே போர்வையை விடவில்லை. குளிர்கிறது என்றாள். கலர் என்ன என்று கேட்டான். கடுந்தேநீர் என்றாள். அவனுக்கு அதில் வியப்பே இல்லை. முந்தின நாளே சொல்லியிருந்தான். உடம்பு வலிக்குமே என்றான். வலிக்கிறது என்றாள். எல்லாம் அவன் கணக்குப்படியே இருந்தது. வழக்கமான வலி மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்தான்.

"கால் வலி இந்தத் தடவை வேற மாதிரி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தொடையில தானே? அங்க பெரிய தசை. ரத்தம் கொறைஞ்சா அங்கதான் மொதல்ல வலிக்கும்," என்றான்.

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள். அவன் பல் விளக்கினான், குளித்தான், சட்டையை இஸ்திரி போட்டான். கிளம்பும் முன் கடமை தவறாமல் தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. அவளிடமும் காட்டினான். அவள் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள். விடுதிக்குப் போன் செய்து வார்டன் இன்று வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். ஒரு நல்ல கணவன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தான் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

வேலை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில். நான்காவது மாடிக் கதவின் சுவிட்ச் தேய்ந்து லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணியது. அவனுடைய கூட்டாளி மேலே மெஷின் ரூமில் சிவப்பு ஜம்பரைப் போட்டான். மெக்கானிக் நான்காவது மாடிக் கதவருகே நின்றான். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டான கிணறு. படியேறி வந்த அலுவலகக்காரர்கள் எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம் கையை நீட்டித் தடுத்தான்.

அங்கே நிற்கும்போதுதான் மச்சினனின் போன் வந்தது. இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தானாம். கதவு வெறுமனே சாத்தியிருந்ததாம்.

"மாமா, அக்கா என்னை அப்பான்னு கூப்பிடறா."

"தூக்கக் கலக்கத்துல இருப்பா. டோஸ் முடியற நேரம்டா மாப்ள. எப்பவும் வர்றதுதான்."

"உடம்பு கொதிக்குது மாமா."

"போர்வைய இழுத்துப் போத்தியிருப்பா. காலையில நானே பார்த்துட்டுத்தான் வந்தேன், காய்ச்சல் இல்ல. நீ பாட்டுக்கு ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ்னு ஆரம்பிக்காத. தூங்க விடு."

"சரி மாமா," என்று சொல்லிவிட்டு மச்சினன் வைத்துவிட்டான். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. இதையும் சொல்லிச் சிரிக்க ஒரு கதையாயிற்று என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததைப் பிற்பாடு அவனால் மறக்க முடியவில்லை.

சிறிது நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா என்று இருந்தது. அவனுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. படித்துப் படித்துச் சொன்னேனே என்று வாய்க்குள் திட்டினான். சரி, போய் டாக்டர்களிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லி அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று கிளம்பினான். ஆனால் கதவை விட்டு நகர முடியாது. கூட்டாளி மேலேயிருந்து இறங்கி வந்து, கதவருகே காலை ஊன்றி, "நான் நிக்கறேன்" என்றான். "கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் மெக்கானிக் படி இறங்கினான். வேலையில் அவன் ஒரு நாளும் விதி தவறியதில்லை.

அவசரப் பிரிவு வாசலில் மச்சினன் தரையில் குந்தியிருந்தான். கையில் வார்டனின் செருப்பு ஒன்று இருந்தது. மற்றது வேனில் நாற்காலிகளுக்கு நடுவே எங்கோ விழுந்துவிட்டதாம். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றான். திட்டு வாங்கத் தயாராக நிற்கிற முகம்.

உள்ளே திரைக்குப் பின்னால் நாலைந்து பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். இரண்டு கைகளிலும் ஊசி ஏறியிருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த காலில் ஊதா நிறத்தில் புள்ளிகள். காலையில் அவை இருந்தனவா என்று அவனுக்குத் தெரியாது. அவன் போர்வையை விலக்கிப் பார்க்கவே இல்லை. இளம் வயது டாக்டர் ஒருவர் அவனை ஓரமாகக் கூட்டிப் போனார். அந்தக் கிருமிதான் என்றார். தடுப்பூசியைத் தாண்டி வந்துவிட்டது, இரத்தத்திலும் இருக்கிறது, மூளையைச் சுற்றிய சவ்வுக்கும் போயிருக்கிறது. மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேசிப் பயன் இருந்திருக்காது.

கறுப்பாகப் போயிற்றே, அது மருந்து இறங்குகிற நேரத்தில் வருவதுதானே என்று மெக்கானிக் கேட்டான். இந்தக் கிருமி உள்ளே வந்தாலும் காவல் படை மொத்தமாக எழுந்து மருந்தையும் மீறும், அப்போதும் அணுக்கள் உடையும், கறுப்பாகத்தான் போகும் என்றார் டாக்டர். பிறகு கேட்டார்.

"காலையில காய்ச்சல் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இல்ல."

"அதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. ஜம்பர் போட்ட இணைப்பில் மீட்டரை வைத்துப் பார்க்காதே, எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டும். வயரை எடு, பிறகு பார். அத்தனை வருஷம் அத்தனை பேருக்குச் சொன்னவன், வலியோடு காய்ச்சலையும் அடக்கும் மாத்திரையைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு, அது வேலை செய்யும் வரை குளித்து இஸ்திரி போட்டுவிட்டு, பிறகு காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். இல்லை என்றதும் நிம்மதியாகப் போயிருக்கிறான். ஊர் பேர் தெரியாத ஒரு கட்டடத்தின் திறந்த கதவுக்குக் காவல் நின்றுகொண்டு, வீட்டில் திறந்து கிடந்த கதவை விட்டுவிட்டு, தூங்க விடு என்றிருக்கிறான்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மச்சினன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டுப் போயிருக்கலாமே, ஏன் கூட்டி வந்தாய் என்று மெக்கானிக் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது மாமா. தண்ணி எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கறப்பல்லாம் அந்த அட்டையில மொத வரியப் பார்ப்பேன். காய்ச்சல்னா காத்திருக்காதன்னு. எனக்கு அந்த ஒரு வரிதான் தெரியும்."

மெக்கானிக் கழுத்தில் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த சின்ன எழுத்துகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அவள் பிழைத்தாள். சும்மா பிழைக்கவில்லை. பல நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தாள். இரத்தம் மளமளவென்று இறங்கி, வேறு யாரோ முகம் தெரியாதவர்களின் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கிருமி தொற்றியிருக்குமோ என்று விடுதிப் பெண்களுக்கெல்லாம் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். சுவர் ஏறிக் குதிக்கிறவள், பரீட்சைத் தலைவலிக்காரி எல்லாரும் கும்பலாக வந்து, அனுமதிக்காததால் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. யாராவது கேட்டால் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. தெரியும் என்ற சொல்லே அவன் வாயில் வருவது நின்றுவிட்டது.

தெளிந்த பிறகுதான் அவளுக்கு இடது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. இனிமேல் கேட்காது என்றார்கள். வார்டன் அதை அழாமல் வாங்கிக்கொண்டாள். பாதி விடுதியின் கூச்சல் இனிமேல் மிச்சம் என்றாள். தன் குரலே சரியாகக் கேட்காததால் சத்தமாகப் பேசினாள், அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்தான் வராண்டாவில் போய் நின்று அழுதுவிட்டு வந்தான்.

ஒரு மத்தியானம் மச்சினன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். மெக்கானிக் அவளுடைய வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கு மாப்ளை போன் செய்ததையும், அவன் என்ன கேட்டான், அதற்குத் தான் சொன்ன பதில் என்ன என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். தூங்க விடு என்ற வார்த்தை வந்தபோது நிறுத்தினான். திரும்பவும் ஆரம்பித்து அதையும் சொல்லி முடித்தான்.

"அவன் இதைச் சொல்லவே இல்லையே," என்றாள். "உங்களுக்குப் போன் கிடைக்கலன்னுதான் சொன்னான்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் அவள். "அன்னிக்குக் காலையில இது வேறன்னு எனக்குத் தெரியும். அந்தக் குளிர், அந்தக் கால் வலி எதுவும் எப்பவும் வர்ற மாதிரி இல்ல. சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க அவ்வளவு நிச்சயமா சொன்னீங்க. நமக்கென்ன தெரியும், அவருக்குத்தான் தெரியும்னு படுத்துட்டேன். என் ஒடம்பு சொன்னதைவிட நீங்க சொன்னதைத்தான் நம்பினேன்."

அவள் குற்றம் சாட்டவில்லை. குற்றம் சாட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவளுடைய கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அவளும் எடுக்கவில்லை.

வீடு திரும்பிக் கொஞ்சம் தேறியதும் டாக்டரம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசினார். நிறுத்தி வைத்த மருந்தை மறுபடி ஆரம்பிப்பதா என்பது கேள்வி. ஆரம்பித்தால் கதவு மறுபடி திறக்கும். இந்தத் தடவை தினமும் கிருமித் தடுப்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம், அப்போதும் முழு உத்தரவாதம் இல்லை. ஆரம்பிக்காவிட்டால் பழையபடி அணுக்கள் உடையும், எந்த நேரமும் இரத்தம் உறைந்து எங்கேயாவது அடைக்கலாம்.

மெக்கானிக் வேண்டாம் என்றான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றான். மறுபடி வேலைக்குப் போனதிலிருந்து சிவப்பு வயரை அவன் தொடுவதே இல்லை என்பதைக் கூட்டாளிகூடக் கவனித்திருந்தான்.

வார்டன் டாக்டரம்மாவிடம் நேராகவே பேசினாள். முதல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை, மருந்தைப் போடுங்கள் என்றாள். சத்தமாகச் சொன்னதால் வெளியே உட்கார்ந்திருந்த மச்சினனுக்கும் கேட்டது. அவன் பதறிப்போய்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். யாரும் அவனைத் திட்டவில்லை.

மருந்து ஏற்றும் நாளில் அதே வார்டு, அதே சாய்வு நாற்காலி. நர்ஸ் ஊசியைப் பொருத்திவிட்டு, சொட்டு விழுவதைச் சரிபார்த்துவிட்டு நகர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த புதியவர் மெக்கானிக்கைப் பார்த்து, இது ஏறும்போது குளிருமா என்று கேட்டார். நர்ஸைக் கேளுங்கள் என்று அவன் பணிவாகச் சொன்னான்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இனி எப்படிக் காவல் நிற்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அவள் இருமினால் பயந்தான், இருமாவிட்டாலும் பயந்தான். காலையில் அவள் குளியலறையிலிருந்து வந்தபோது என்ன கலர் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வார்டன் ஊசி இல்லாத கையை நீட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து அவன் பாட்டிலைக் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்துவிட்டு, அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்தான். வேலை அடையாள அட்டையின் பின்னால் இருந்து ஆஸ்பத்திரி அட்டையை உருவி எடுத்தாள். ஓரங்கள் மசகு எண்ணெய் படிந்து கறுத்திருந்தன. முதல் வரியை ஒரு தடவை படித்தாள். தன் சுடிதார்ப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் நிக்கறேன்," என்றாள்.

வார்டு முழுக்கக் கேட்டது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

நீ எப்படித் தனியாக என்று அவனுக்குக் கேட்க வந்தது. ஜுரத்தில் நினைவு தப்பிவிட்டால் யார் பார்ப்பது, மாப்ளையும் கூட இருக்கட்டும், நானும் இருக்கிறேன் என்றெல்லாம் வந்தது. அத்தனையும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வருகிற வரைக்கும் விடப்போவதில்லை என்பது போல. இதற்கு ஒரே ஒரு பதில்தான் செல்லும் என்பது அவளுக்கும் தெரியும். அதை அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"கேட்டுச்சு," என்றான்.

"என்ன?"

அவன் அவளுடைய இடது பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க," என்றாள்.

அவன் மருந்துக் கம்பத்தைத் தட்டிவிடாமல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தான். மண்டியிட்டு, அவள் காதருகே வாயை வைத்து, எல்லாரும் கேட்கும்படியாகவே மறுபடி சொன்னான்.